பினாங்கில் சொலவடை சேர்ப்பது எப்படி

"பழமொழி ஒன்று சொல்லுங்க பாட்டி" என்று கேட்டுவிட்டால் அன்றைய வேலை கெட்டது. பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பார். பக்கத்தில் இருக்கும் பேரன் "சிறு துளி பெரு வெள்ளம்" என்பான். இரண்டுமே பள்ளிக்கூடத்துச் சரக்கு. தமிழ்ப்பள்ளிப் பாடத்தில் செய்யுளும் மொழியணியும் இருப்பதால், இங்கே படித்த யாரைக் கேட்டாலும் அதே இருபது முப்பதுதான் வரிசையாக வரும். வீட்டில் புழங்கும் சொலவடை அப்படிக் கேட்டு வராது. அது கோபத்திலும் கேலியிலும் வாயைத் தாண்டி விழுவது.

அதனால் சந்தர்ப்பத்தைக் கேளுங்கள். "கையில காசில்லாம பகட்டா திரியுறவங்கள உங்க வீட்டுல என்னன்னு சொல்வாங்க?" என்றால் "குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீரு" வரும். வேலை தெரியாமல் சட்டிபானையைக் குறை சொல்லும் மருமகள், இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் மகன், கடன் வாங்கிவிட்டுச் சடக்கில் (சாலையில்) பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர், பெண் பார்க்க வந்து சாப்பாட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள் என்று பன்னிரண்டு, பதினைந்து சந்தர்ப்பங்களை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு சந்தர்ப்பத்துக்கு ஒரு சொலவடை வந்ததும் அடுத்ததுக்குத் தாவக்கூடாது. "வேற எப்படியும் சொல்வாங்களா?" என்று கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். இரண்டாவதாக வருவது பெரும்பாலும் முதலாவதைவிடக் காரமாக இருக்கும்.

யாரிடம் போவது என்பதற்கு இந்த ஊரில் ஒரே பதில் கிடையாது. பினாங்குத் தீவில் கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் உண்டு; கிட்டங்கி (வட்டிக்கடை) வைத்திருந்த செட்டியார் வழி உண்டு; துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் பிள்ளைகள் உண்டு. பாலத்தைத் தாண்டி பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் தெபால் பக்கம் போனால் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். ஒவ்வொருவர் வாயிலும் வேறு மூட்டை. எனவே குறிப்பில் முதலில் எழுத வேண்டியது சொன்னவரின் பெயரல்ல. அவருடைய தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார்கள், அவர் எங்கே வளர்ந்தார், என்ன வேலை பார்த்தார் என்பவைதான். பெயருக்குப் பதில் ஓர் எண் போதும். வயதையும் "எழுபதுக்கு மேல்" என்று எழுதினால் போதும்.

கூப்பிடும் முறை பிசகினால் கதவு திறக்காது. தோட்டத்துப் பெரியவர்களிடம் பாட்டி, தாத்தா, அத்தை, மாமா. முஸ்லிம் வீட்டில் நானா, மாமு. மேடம், சார் என்றால் அரசாங்க ஆள் என்று நினைத்து அளந்து பேசுவார்கள். காலையில் பசியாறி முடித்த பிறகு, பத்து மணிக்கு மேல் போங்கள். மாலை தொலைக்காட்சி நாடக நேரத்தில் போகாதீர்கள். ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் உங்களை அனுப்பி வைப்பதற்காகவே எதையாவது சொல்வார்கள்.

பதிவுக்குக் கைப்பேசியே போதும். பேசுபவர் வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தம்ளர் வைக்கும் ஒவ்வொரு சத்தமும் இடி மாதிரி விழும். விமானப் பயன்முறையில் போடாவிட்டால், நல்ல சொலவடை வருகிற நேரம் பார்த்து யாராவது அழைப்பார்கள். சுவர் மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். வெயில் தாங்காது என்றால் கைப்பேசியைக் காற்றுப் படாத பக்கம் நகர்த்துங்கள். லிட்டில் இந்தியாவில் கடைப் பாட்டு நாள் முழுக்க ஓடும். அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) உட்கார்ந்து எடுத்த பதிவை வீட்டில் கேட்டால் பாட்டுதான் கேட்கும். சௌராஸ்தா பசாரிலும் இதே கதி. அங்கெல்லாம் கேட்டதைச் சிறு நோட்டில் எழுதிக்கொண்டு, பதிவுக்கு வேறொரு நாள் வீட்டுக்குப் போவது மேல்.

எழுதும்போது இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி காதில் விழுந்தபடி: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." இரண்டாவது வரி எழுத்து நடையில். முதல் வரியில் ழகரத்தைத் திருத்தாதீர்கள். "வாளப்பளம்" என்று கேட்டால் அப்படியே எழுதுங்கள். திருத்தி எழுதினால், எதுகையும் மோனையும் எந்த உச்சரிப்பில் நின்றன என்பது பிறகு தெரியாமல் போய்விடும். மூன்றாவதாகச் சந்தர்ப்பம்: யார், யாரைப் பார்த்து, எப்போது சொல்வது. "பொருள் என்ன?" என்று மட்டும் கேட்டால் பெரியவர்கள் பாடம் நடத்தத் தொடங்குவார்கள். "இத யார்கிட்ட சொல்லக்கூடாது?" என்று கேட்டுப் பாருங்கள். மாமியார் காதில் விழக்கூடாதது, மாப்பிள்ளை வீட்டில் சொல்லக்கூடாதது என்று அப்போதுதான் விவரம் வரும்.

தோட்டத்துச் சொற்களுக்குப் பக்கத்திலேயே குறிப்பு வேண்டும். மங்கு (மரத்துப் பால் பிடிக்கும் கிண்ணம்), காண்டா வாளி (தோள்தடியில் தூக்கும் பால் வாளி), பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), தண்டல் (கங்காணி), கிராணி (எழுத்தர்), ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) எல்லாம் கோலாலம்பூர் அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைக்குப் புரியாது. அதைவிட ஏமாற்றுவது, புரிந்தது போலத் தெரியும் சொல். "பழகப் பழகப் பாலும் புளிக்கும்" என்பது மாட்டுப்பாலைப் பற்றியது என்று எல்லாரும் எழுதிவிடுவார்கள். கித்தாக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) வளர்ந்தவருக்குப் பால் என்றால் முதலில் மரத்துப் பால். அதுவும் கிருமி சேர்ந்து புளித்துத் திரியும். அதைத் தடுக்கத்தான் அமோனியா ஊற்றுவார்கள். சொல்பவர் மனதில் எந்தப் பால் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் நட்டமில்லை.

விவசாயச் சொலவடைகளின் கதி இன்னும் சுவையானது. "ஆடிப் பட்டம் தேடி விதை" தமிழ்நாட்டு நிலத்துக்குச் சொன்னது. பினாங்கில் பெருமழை செப்டம்பர், அக்டோபர் வாக்கில். ஆனாலும் சொல் சாகவில்லை. பிள்ளைக்கு இடம் தேடுவது, வீட்டுக்கு முன்பணம் கட்டுவது என்று காலம் பார்த்துச் செய்யும் எதற்கும் அதை இழுத்துவிடுவார்கள். இந்த இடமாற்றத்தைக் குறிக்காமல் வெறும் சொல்லை மட்டும் எழுதினால், தமிழ்நாட்டுத் தொகுப்பில் ஏற்கெனவே இருப்பதை மறுபடி ஒரு தரம் எழுதியதாகத்தான் ஆகும்.

மலாய்ப் பழமொழிகளைத் தள்ளி வைக்காதீர்கள். "தாக் தாஹு மெனாரி, டிகாத்தாக்கான் லந்தாய் ஜொங்காங் ஜொங்கெட்" என்பது ஆடத் தெரியாதவள் கூடத்தைக் குறை சொன்ன அதே கதை. அங்கே தரை ஏற்ற இறக்கம், இங்கே கூடம் கோணல். இப்படி ஒத்த இணைகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். எது எதிலிருந்து வந்தது என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம். இரண்டு சமூகமும் தனித்தனியே கண்டதாகவும் இருக்கலாம். படிமம் மட்டும் சில நேரம் காட்டிக்கொடுக்கும். தமிழில் தவளை கிணற்றில் இருக்கும். மலாயில் தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில். தமிழ் பேசுகிறவர் "செரட்டைக்குள்ள தவள" என்றால் அது மலாய் வழி வந்தது என்று ஊகிக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய தொகுப்போடு ஒப்பிடுங்கள். பாதிரியார் பெர்சிவல் 1874இல் வெளியிட்டதில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் அகரவரிசையில் உள்ளன. டென்மார்க் பாதிரியார் ஜென்சன் 1897இல் வெளியிட்டது பொருள்வாரியாகப் பிரித்தது. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். "ஆடத் தெரியாதவ" வேறு வீட்டில் "ஆடமாட்டாதவள்" என்று தொடங்கும். கூடம், கூழ், மத்தளம் என்று நடுவில் நிற்கும் பெயர்ச்சொல்லை வைத்துத் தேடுங்கள். உங்கள் அட்டவணையையும் அப்படியே அமையுங்கள்.

வாட்சாப்பில் சுற்றும் "உண்மையான பொருள்" விளக்கங்களிடம் மட்டும் கவனம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அல்ல, ஆயிரம் வேரைக் கொன்றவன். சட்டியில் அல்ல, சஷ்டியில். மண்குதிரை அல்ல, மண்குதிர் என்று பாட்டிகளே இப்போது சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும். அவற்றையும் எழுதுங்கள், ஆனால் பொருள் என்ற இடத்தில் அல்ல, "பிற்கால விளக்கம்" என்று தனியாக. சினிமா நகைச்சுவை வசனங்களும் இதே மாதிரி நுழையும். சொன்னவரிடம் "சின்ன வயசுலயே கேட்டிருக்கீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாலே பாதி வடிந்துவிடும்.

சாதியையும் பெண்ணையும் இழிவாகப் பேசும் சொலவடைகள் நிறைய வரும். பதிவிலிருந்து வெட்டாதீர்கள், வெட்டினால் பாட்டி காலத்து வாழ்க்கையைப் பொய்யாகக் காட்டியதாகும். பொதுவில் போடுவது வேறு விஷயம். அதற்குத் தனி அனுமதி கேளுங்கள்: பதிவு செய்ய ஒரு முறை, பிறருக்குக் காட்ட இன்னொரு முறை. முதலாவதுக்குச் சரி என்றவர் இரண்டாவதுக்கு வேண்டாம் என்பது வழக்கமாக நடப்பதுதான்.

இரண்டு வாரம் கழித்து அதே வீட்டுக்கு மறுபடி போக வேண்டும். எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். "அப்படி இல்லப்பா, வரிசய மாத்திட்ட" என்று திருத்தும்போதே மறந்துபோன நாலைந்து கூட வந்து விழும். கைப்பேசியை அப்போதும் திறந்து வைத்திருங்கள். தாளை அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள்.