பழைய பஜெரோவுக்குச் சரியான பின் அக்சில் ஷாஃப்ட் தேடுவது எப்படி?

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய ஜீப்புகளுக்கு வந்த மவுசு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்த பின்னும் குறையவில்லை. புது வண்டி விலையைக் கேட்டுவிட்டு, இருப்பதையே திருத்தி ஓட்டுவோம் என்று முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன். என்னுடையது 1991 முதல் 1999 வரை வந்த இரண்டாம் தலைமுறைப் பஜெரோ. அதன் பின்சில்லைச் சுற்றவைக்கும் தண்டான அக்சில் ஷாஃப்டைத் தேடுவது பற்றித்தான் இது. நிசான் பேட்ரோல், சுசுகி விட்டாரா ஜீப் வைத்திருப்பவர்களும் இதே வழியில் தேடலாம். ஜாக்கி வைத்துச் சில்லு கழற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. தகட்டைப் படம் எடுங்கள்

பொனட்டைத் திறந்தால் என்ஜின் அறைப் பின்சுவரில் ஒரு தகடு இருக்கும். மாடல் வரியில் வி24 என்றால் குட்டை வண்டி, வி44 என்றால் நீள வண்டி. கியர் பெட்டிக் குறியீட்டுக்குப் பக்கத்தில் 4900 என்று இருந்தால் டிஃபரன்ஷல் (இரண்டு பின்சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) விகிதம் 4.900. கடையில் "95 பஜெரோ" என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரே ஆண்டு வண்டியிலேயே பின்பக்கம் ட்ரம் பிரேக்கும் இருக்கும், டிஸ்க்கும் இருக்கும். ஏபிஎஸ் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. நம்மூரில் மொன்டெரோ என்று சொல்லப்படும் அடுத்த தலைமுறைக்குப் பின்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு. அந்த ஷாஃப்டைத் தொடவே வேண்டாம்.

2. பழையதைக் கழற்றி அளவெடுங்கள்

நேரம் எடுத்துச் செய்யவேண்டியது இதுதான்.

ஷாஃப்டின் டிஃபரன்ஷல் பக்க நுனியில் உள்ள பற்களை எண்ண, முதல் பல்லில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டுச் சுற்றுங்கள். கோடு இல்லாமல் எண்ணினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வரும். எண்ணிக்கை ஒத்துப்போனாலும் தடிமன் ஒத்துப்போகும் என்றில்லை. அதனால் பல் பகுதியின் வெளி விட்டத்தை வேர்னியர் அளவுகோலில் பாருங்கள். வேர்னியர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. பிளாஸ்டிக் வேர்னியர் இந்த வேலைக்கு உதவாது.

அடுத்தது நீளம். குழப்பம் எல்லாம் இங்கேதான். சில்லு பொருந்தும் பிளேன்ஜின் நடுவில் ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். ஒருவர் அந்தக் குமிழின் உச்சியிலிருந்து அளப்பார், இன்னொருவர் பிளேன்ஜின் உள்முகத்திலிருந்து அளப்பார். தொலைபேசியில் இரண்டு பேரும் "நீளம் சரி" என்பார்கள், ஷாஃப்ட் மட்டும் பொருந்தாது. நான் எடுப்பது ட்ரம்மோ டிஸ்க்கோ ஒட்டி உட்காரும் முகத்திலிருந்து. குமிழைத் தவிர்த்து அந்த முகத்தில் ஓரமாக ஸ்டீல் ரூல் ஒன்றைச் சாய்த்து, அதிலிருந்து பல் நுனிவரை டேப் பிடியுங்கள். கடைக்காரரிடமும் "எந்த முகத்திலிருந்து, முதலாளி?" என்று கேளுங்கள்.

ஷாஃப்ட் முறிந்திருந்தால் டிஃபரன்ஷலுக்குள் சிக்கிய துண்டையும் எடுத்து, முறிந்த வாய்களைப் பொருத்தி வைத்து அளக்க வேண்டும். மற்றப் பக்க ஷாஃப்டைப் பார்த்து நீளத்தை முடிவு செய்யாதீர்கள். பல வண்டிகளில் இடதும் வலதும் வேறு வேறு நீளம்.

3. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது

பழைய ஷாஃப்டைக் கையோடு கொண்டு போங்கள். பாரம்தான், ஆனால் ஓட்டோவில் வைத்தாவது கொண்டு போங்கள். வாட்ஸ்அப் படத்தை நம்பி முற்பணம் கொடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

ரீகண்டிஷன் சாமான் என்றால் ஒயில் சீல் உட்காரும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்கினால் சீல் புதிதாகப் போட்டும் ஒயில் கசிந்து பிரேக்கை நனைக்கும். பற்கள் நேர்கோட்டில் ஓடாமல் லேசாகத் திருகியிருந்தால், முறிவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. புதுக் கறுப்புப் பெயின்ட் மின்னினால் உப்புத்தாளால் கொஞ்சம் உரசிக் காட்டச் சொல்லுங்கள். வெல்டிங் தெரிந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும். இந்த வகை அக்சிலில் வண்டியின் பாரமும் ஷாஃப்டில்தான் நிற்கிறது. பேரிங்குக்கு வெளியே முறிந்தால் சில்லு பிளேன்ஜோடு கழன்று ஓடும்.

வளைவு இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. பக்கத்து லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே மாட்டிச் சுற்றிப் பார்க்கலாம்.

4. பேரிங்

பழைய பேரிங்கைப் புது ஷாஃப்டுக்கு மாற்றாதீர்கள். பேரிங், சீல், அழுத்தி ஏற்றும் வகையாக இருந்தால் ரிங், எல்லாம் புதிதாகவே போகட்டும். ஏற்றுவதற்கு ஹைட்ரோலிக் பிரஸ் உள்ள கராஜ் வேண்டும். சுத்தியலை எடுக்கும் பாஸிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: வாசித்த ஒருவர், எல்லா அளவும் ஒத்துப்போயும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது என்று எழுதியிருந்தார். ஷாஃப்டில் பல் வெட்டிய வளையம் ஒன்று ஏறியிருக்கும், சென்சர் அதைத்தான் வாசிக்கிறது. அந்த வளையத்தின் பற்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். இன்னொருவர் டிஃபரன்ஷல் ஒயில் பற்றிக் கேட்டார். சாதாரண டிஃபரன்ஷலுக்கு ஜிஎல்-5 தர ஒயில் போதும், எல்எஸ்டி (ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷல்) உள்ளதென்றால் எல்எஸ்டிக்கு என்று போத்தலில் எழுதியிருப்பதையே கேட்டு வாங்குங்கள்.