ஆசிரியர் விடைபெறும்போது: சிற்றூர்ப் பள்ளியில் செய்தி சொல்வதும் விழா எடுப்பதும்

நான்கைந்து ஆசிரியர்களும் எழுபது எண்பது பிள்ளைகளும் இருக்கிற ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், ஒருவர் போனால் இரண்டு வகுப்புகள் கைமாறும். இதைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எப்போது, யார் வாயால், என்ன சொற்களில் சொல்கிறோம் என்பதற்கு மேடையையும் மாலையையும் விட அதிக யோசனை தேவை. விழாவுக்குப் பணம் புரண்டுவிடும். செய்தி தவறினால் பிறகு திருத்த முடியாது.

முதலில் தேதி

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆனது. 2021இல் 60 ஆனது. பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. 1ஆம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாள். "அவருக்கு ஜூனில்தானே பிறந்தநாள்" என்று விழாவை ஜூனுக்கு வைத்துவிட்டு, அவர் மே 31 அன்றே ஓய்வு பெறுகிறார் என்று பிறகு தெரிந்து ஓடுவதற்கு இதுதான் காரணம். கல்வியாண்டின் நடுவில் வயதை எட்டுபவருக்குப் பொதுவாக ஆண்டு இறுதிவரை மறுநியமனம் கிடைக்கும். அவருக்கு ஓய்வு பெறும் தேதி ஒன்று, வகுப்பை விட்டுப் போகும் தேதி வேறு. செய்தியில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

மறுநியமனம் முடியும்போது கோடை விடுமுறை தொடங்கியிருக்கும். பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போயிருப்பார்கள். எனவே அப்படிப்பட்ட விழாவை ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்திலேயே வைத்துவிடுங்கள். மற்ற மாதங்களில் ஓய்வு பெறுபவருக்குக் கடைசி வேலைநாளுக்கு முந்தைய நாள் நல்லது. கடைசி நாள் முழுவதும் கையெழுத்திலேயே போய்விடும். மாலையில் வீடுவரை கொண்டுபோய் விட்டுவரும் வழக்கமும் இருக்கிறது. அன்றே விழாவையும் திணித்தால் அந்த மனிதருக்கு ஒரு வாய் சாப்பிட நேரம் இருக்காது.

பணியிட மாறுதல் வேறு மாதிரி. கலந்தாய்வில் ஆணை வாங்கியவர் ஓரிரு நாளில் விடுவிக்கப்படலாம். அதற்குப் பெரிய விழா சரிப்படாது. காலை வணக்கக் கூட்டத்தில் இருபது நிமிடம், ஒரு குழுப்படம், பிள்ளைகள் எழுதிய கடிதக் கட்டு ஆகியவை போதும். கடிதங்களை ஒரே பாடவேளையில் எழுதி வாங்கிவிடலாம்.

யாரிடம், எந்த வரிசையில்

விடைபெறுபவரிடம்தான் முதல் பேச்சு. விழா வேண்டுமா, குடும்பத்தில் துக்கம் ஏதும் உண்டா, மேடையில் பேச விருப்பமா, எந்தத் தகவலை வெளியிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு மாலையும் ஒலிபெருக்கியும் பிடிக்காது. அதை மதிக்க வேண்டும். அடுத்து சக ஆசிரியர்கள், சமையலர், தூய்மைப் பணியாளர். அதன்பின் அவருடைய வகுப்புப் பிள்ளைகள். பெற்றோர் குழுவில் செய்தி போவது பிள்ளைகள் கேட்ட அன்று மாலை. இந்த வரிசை குலைந்தால், வீட்டில் அம்மாவின் கைபேசியைப் பார்த்து அழுதுகொண்டே மறுநாள் பள்ளிக்கு வரும் குழந்தையைச் சமாதானப்படுத்துவது கடினம்.

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "ஓய்வு" என்ற சொல் புரியாது. டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். "டீச்சர் நலமாக இருக்கிறார். அவர் வேலை பார்க்க வேண்டிய வருடங்கள் முடிந்துவிட்டன. இன்ன தேதிவரை நமக்குப் பாடம் எடுப்பார், அதன்பின் இன்னார் வருவார்" என்று மூன்று வாக்கியம் போதும். வருபவர் யாரென்று தெரியாவிட்டால், அதுவரை எந்த ஆசிரியர் வகுப்பைப் பார்த்துக்கொள்வார் என்பதையாவது சொல்ல வேண்டும். பிள்ளைகள் கேட்பது அதைத்தான்.

வாட்ஸ்அப் குழுவில் போடும்போது, "அட்மின்கள் மட்டும்" செய்தி அனுப்பும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஐம்பது கைகூப்பும் படங்களுக்கு அடியில் தேதி புதைந்துபோகும். எழுத்தோடு ஒரு நிமிடக் குரல் பதிவும் அனுப்புங்கள். படிக்கத் தெரியாத தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. "வரும் வெள்ளி" என்று எழுதாதீர்கள். கிழமை, தேதி, மணி மூன்றும் வேண்டும்.

செய்தி மடல்

ஏ4 தாள் ஒன்று, இரு பக்கம், மாதம் ஒருமுறை. சிறு பள்ளிக்கு இதற்கு மேல் வேண்டாம். 12 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 300 சொற்கள் வரும். முன்பக்கத்தில் வரப்போகும் தேதிகளும் முக்கியச் செய்தியும், பின்பக்கத்தில் பிள்ளைகளின் எழுத்தும் நடந்த நிகழ்வுகளும் வரலாம். வீட்டுக்கு ஒன்று வீதம் கணக்கிட்டு, பத்துப் பிரதி கூடுதலாக எடுங்கள். ஒன்றைத் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். ஆண்டு விழா அறிக்கை எழுதும்போது பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

விடைபெறுபவரைப் பற்றிய குறிப்பு 120 முதல் 150 சொற்கள் இருக்கட்டும். இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். "மாணவர்களின் வாழ்வில் ஒளியேற்றிய தன்னலமற்ற பெருந்தகை" என்ற வரியை எந்த ஆசிரியருக்கும் போடலாம். ஆகையால் அது எவரையும் சொல்லவில்லை. "மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறிய பிள்ளைகளை மாலை நான்கு மணிக்குப் பிறகு அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வாசிக்கப் பழக்கினார், நூலக அலமாரியில் இருக்கும் கதைப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு எண்ணிட்டவர் அவர்தான்" என்று எழுதினால் ஊரே தலையாட்டும். இப்படிப்பட்ட செயல்கள் குறைந்தது மூன்று கிடைக்கும்வரை எழுதத் தொடங்காதீர்கள். முன்னாள் மாணவர் இருவரிடமும் சமையலரிடமும் கேளுங்கள். சமையலருக்குத் தெரிந்தது தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்காது.

பணியில் சேர்ந்த நாள், வேலை பார்த்த பள்ளிகள், இந்தப் பள்ளிக்கு வந்த ஆண்டு ஆகியவற்றை அரைத்தாளில் அவரையே நிரப்பித் தரச் சொல்லுங்கள். மொத்தப் பணிக்காலமும் இந்தப் பள்ளியில் இருந்த காலமும் ஒன்றோடொன்று கலந்துபோவது வழக்கமான பிழை. தலைப்பெழுத்தையும் அவரே எழுதியபடி போடுங்கள். தட்டச்சில் "சு" "க" ஆகிவிடும். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பத்தியை அவர் ஒருமுறை படித்துவிட வேண்டும்.

அச்சகத்தில் இன்னொரு கண்ணி உண்டு. யூனிகோடில் அடித்த தமிழை, பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை வைத்திருக்கும் கடைகள் தங்கள் எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது கொம்பும் துணைக்காலும் இடம் மாறும். "கௌ", "ஸ்ரீ" போன்றவை சிதையும். பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்து அப்படியே அச்சிடச் சொன்னால் தப்பிக்கலாம். அவர்கள் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு பிரதியைத் தாளில் எடுத்துப் பெயர்களை மட்டுமாவது விரல் வைத்துப் படியுங்கள். பதாகைக்குப் படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும். படமாகப் போனால் அளவு சுருங்கும். ஆறடிப் பதாகையில் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். பிளெக்ஸைவிடத் துணிப் பதாகை மேல். அடுத்த ஆண்டு மேசை விரிப்பாகவாவது உதவும்.

பிள்ளைகளின் படத்துக்குக் கீழே முழுப்பெயரும் ஊரும் சேர்த்துப் போட வேண்டாம். மாறுதலுக்கோ விலகலுக்கோ காரணம் எழுத வேண்டாம். ஒருவர் மனக்கசப்போடு போனாலும், எந்த வகுப்பை எத்தனை ஆண்டு பார்த்தார், எந்த நாளில் விடைபெறுகிறார் என்பதையும் நன்றியையும் மட்டும் எழுதினால் போதும்.

யாருக்கெல்லாம் குறிப்பு எழுதுவது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான். ஆசிரியருக்கு அரைப் பக்கம் என்றால் சத்துணவு அமைப்பாளருக்கும் சமையல் உதவியாளருக்கும் அதே அரைப் பக்கம். காலைச் சிற்றுண்டி சமைக்கும் சுய உதவிக் குழுப் பெண்கள், பள்ளி மேலாண்மைக் குழு வழியாக வந்த தற்காலிக ஆசிரியர், தூய்மைப் பணியாளர் ஆகியோர் பெரும்பாலும் ஒரு வரிகூட இல்லாமல் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள். எந்த வேலைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் இங்கேதான் கற்கிறார்கள்.

பணம்

பிள்ளைகளிடம் வசூலிக்காதீர்கள். "விருப்பம் இருந்தால் மட்டும்" என்று சொல்லி வாங்கினாலும் கொடுக்காத பிள்ளை வகுப்பில் கூனிக் குறுகும். பெரியவர்களிடம் வாங்கும்போது மூடிய உறை ஒன்றைச் சுற்றுக்கு விடுங்கள்; பெயர்ப் பட்டியலில் தொகையை எழுத வேண்டாம். ஒருவர் வாங்கட்டும், வேறொருவர் கணக்கு எழுதட்டும். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பரிசு பெறுவதைக் கட்டுப்படுத்துகின்றன. தங்க மோதிரம், சங்கிலி என்று போட்டி போட்டால் விடைபெறுபவருக்கே தொல்லை. எல்லோர் பெயராலும் ஒரே பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முப்பது சால்வை சேரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் என்றாலும் அரை மணி நேரம் போய்விடும்.

நூறு பேருக்குச் சுண்டலும் தேநீரும் சிக்கனமானவை. கொண்டைக்கடலை 3 கிலோவை முந்தைய இரவே ஊறவைக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் நடு வேகாது. தேங்காய்த் துருவலைப் பரிமாறும் நேரத்தில் மட்டும் சேருங்கள். காலையிலேயே போட்டுவிட்டால் வெயிலில் மாலைக்குள் ஊசிப்போகும். தேநீருக்கு ஒரு குவளை 100 மில்லி என்று வைத்தால் 10 லிட்டர். அதில் பாதிக்குச் சற்று மேல் பால். சத்துணவுக் கூடத்துப் பருப்பையோ எண்ணெயையோ ஒரு கரண்டிகூட எடுக்காதீர்கள். அந்த இருப்பு தணிக்கைக்கு உட்பட்டது. குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அமைப்பாளர்.

விழா நடக்கும் ஒன்றேகால் மணி நேரம்

மாலை 3 மணிக்குத் தொடங்கினால் 4.15க்கு முடிந்தாக வேண்டும். இதற்கு மேல் நீண்டால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது தண்டனை.

தமிழ்த்தாய் வாழ்த்தைப் பிள்ளைகளே பாடட்டும். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட அதைப் பாட 55 நொடி. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். வரவேற்புரை மூன்று நிமிடம். அடுத்து நேராகப் பிள்ளைகள். அவர்களைக் கடைசியில் வைத்தால் பெரியவர்களின் பேச்சு அவர்கள் நேரத்தை விழுங்கிவிடும். அதன்பின் முன்னாள் மாணவர் ஒருவர், பெற்றோர் ஒருவர், சக ஆசிரியர் ஒருவர், ஆளுக்கு நான்கு நிமிடம். வட்டாரக் கல்வி அலுவலரோ ஊராட்சித் தலைவரோ வந்தால் அவர்களுக்கும் அதே நான்கு நிமிடம். இதை அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிட்டால் யாரும் வருந்துவதில்லை. மேடையில் துண்டுச்சீட்டு நீட்டினால்தான் வருந்துவார்கள். சிறப்பு விருந்தினர் தாமதமானால் காத்திருக்காமல் தொடங்குங்கள். ஏற்புரைக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு வேண்டாம். நன்றியுரை, நாட்டுப்பண்.

மைக் செட்டை முந்தைய நாளே சோதியுங்கள். மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள். எண்பது பிள்ளைகள் இருக்கும் முற்றத்தில் மைக் இல்லாமலே பேசலாம், அதற்கு நாற்காலிகளை நெருக்கமாகப் போட்டிருக்க வேண்டும்.

குழுப்படத்தைக் காலை ஒன்பதரைக்கே எடுத்துவிடுங்கள். மாலையில் எல்லோரும் வாடியிருப்பார்கள். மரத்தடி அழகாகத் தோன்றும், ஆனால் இலை இடுக்கு வெயில் முகங்களில் புள்ளி புள்ளியாக விழும். கட்டடத்தின் நிழல் சீராக இருக்கும். சிறியவர்கள் தரையில், ஆசிரியர்களும் பணியாளர்களும் நாற்காலியில், அடுத்த வரிசை நின்றபடி, உயரமானவர்கள் பெஞ்சின் மேல். பல படம் எடுத்தால் ஒன்றிலாவது பெரும்பாலோர் கண் திறந்திருக்கும். பின்பக்கம் வரிசைப்படி பெயர்களை எழுதிக் கொடுங்கள்.

பொறுப்பு ஒப்படைப்பு

தலைமையாசிரியர் போவதாக இருந்தால் இதற்கு ஒரு வாரம் வேண்டும். சேர்க்கை நீக்கல் பதிவேடு, வருகைப் பதிவேடு, தளவாடப் பதிவேடு, விலையில்லாப் பொருள் வழங்கிய பதிவேடு, மேலாண்மைக் குழுத் தீர்மானப் பதிவேடு, வங்கிப் புத்தகம், காசோலை, எமிஸ் (கல்வித் தகவல் மேலாண்மை இணையதளம்) கடவுச்சொல், சாவிகள் ஆகிய எல்லாவற்றையும் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். தளவாடங்களைப் பதிவேட்டில் டிக் அடிக்காமல் கண்ணால் பார்த்து எண்ணுங்கள். காணாமல்போன இரண்டு நாற்காலிக்காக ஓய்வூதியப் பலன்கள் இழுபடுவது யாருக்கும் நல்லதல்ல.

பதிவேட்டில் இல்லாத ஒன்றையும் வகுப்பாசிரியர் கைமாற்ற வேண்டும். யாருக்குக் கரும்பலகை சரியாகத் தெரிவதில்லை, யாருக்கு வலிப்பு வரும், எந்தப் பிள்ளையை யார் மட்டும்தான் அழைத்துச் செல்லலாம், அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கற்றல் நிலைகளில் யார் அரும்பு, யார் மொட்டு, யார் மலர் என்பதைப் பிள்ளைக்கு இரண்டு வரி வீதம் எழுதி, புதியவர் கையில் நேரில் கொடுக்க வேண்டும். மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனால் அது கிடைக்காது.

விழா முடிந்து ஒரு வாரத்துக்குள் படங்களையும் பிள்ளைகளின் கடிதங்களையும் அவர் வீட்டில் சேர்த்துவிடுங்கள். அடுத்த மடலில் விழாவுக்கு நான்கு வரி, புதிதாக வந்தவருக்குத் தனிக் குறிப்பு. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். வரவு செலவை அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்து, மிச்சம் இருந்தால் என்ன செய்வதென்று அங்கேயே தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.