மாயக் காதல் தொடரின் உருக்கத்தை அலசி எழுதுவது எப்படி?

ஒரு மாயக் காதல் அனிமே தொடரைப் பார்த்து முடித்ததும் கண் கலங்கியது என்று எழுதுவது எளிது. எதனால் கலங்கியது என்று எழுதத்தான் பயிற்சி வேண்டும். பினாங்கிலிருந்து விமர்சனம் எழுத விரும்பும் இளையோருக்கு 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' நல்ல பயிற்சிக் களம். நட்சுகி தக்காயாவின் மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) தழுவி 2019 முதல் 2021 வரை மூன்று பருவங்களாக, 63 பகுதிகளில் வந்த தொடர் அது. சீனப் பெருநாள் தோறும் பேரங்காடிகளில் சீன ஆண்டுச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகளையும் பார்த்து வளர்ந்த நமக்கு, எலியிடம் ஏமாந்து விருந்தைத் தவறவிட்ட பூனையின் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. (கதைத் திருப்பங்கள் கீழே வருகின்றன.)

முதலில், தொடரின் மாய விதியை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சோமா குடும்பத்தில் அந்தப் பன்னிரண்டு விலங்குகள், பூனை ஆகியவற்றின் சாபம் சுமப்பவர்களை, சாபம் இல்லாத எதிர்பாலினத்தவர் அணைத்தால் அவர்கள் அந்தந்த விலங்காக மாறிவிடுவார்கள். அடுத்து, அந்த விதிக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று காதல் காட்சிகளுக்கு வெளியே தேடுங்கள். நான் மிக முக்கியமாகக் கருதும் படி இதுதான். தொடக்கத்தில் சிரிப்பு மூட்டும் அதே விதியால், அணைத்த குழந்தை முயலாக மாறுவதைத் தாங்க முடியாத ஒரு தாய் தன் நினைவுகளை அழிக்கச் செய்துவிடுகிறாள். மகன் மொமிஜி எதிரே வந்து பேசும்போதும், அவளுக்கு அவன் வேறு யாரோ வீட்டுப் பிள்ளை. இதைப் பார்த்த பிறகுதான் நாயகி தோருவும் அவள் விரும்பும் கியோவும் நெருங்கும் ஒவ்வோர் அடியும் நமக்கு அச்சமாகிறது. காதலர்கள் அழுவதால் நாம் அழுவதில்லை; அவர்கள் எதை இழக்கக்கூடும் என்று முன்பே அறிந்திருப்பதால் அழுகிறோம்.

பின்னணியில் வரும் பருவகாலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சங்க அகப்பாடல்களில் நிலமும் பொழுதும் முதற்பொருளாக நின்று, பாடலின் உணர்வான உரிப்பொருளைத் தாங்குவதையும், கார்காலம் வந்ததும் முல்லைத் தலைவி காத்திருப்பதையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த முறை கைவந்தது. இருந்தும், ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக வாழும் பினாங்குக்காரருக்கு ஒரு செய்தி தப்பிவிடும்: ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், அந்தச் சமயத்தில் பூக்கும் செர்ரி மலர்கள் பிரிவுக்கும் புதுத் தொடக்கத்துக்கும் அடையாளம். பூனையின் சாபம் சுமக்கும் கியோவுக்கோ, பள்ளிப் படிப்பு முடிந்ததும் காத்திருப்பது தனியறைச் சிறை. ஆகவே மற்றவர்களுக்கு நாட்கள் நகர, அவனுக்கு மட்டும் அவை குறைகின்றன.

உங்களை உலுக்கிய ஒரு காட்சியை மட்டும் தேர்ந்து, சப்டைட்டிலுடன் ஒருமுறையும், சப்டைட்டில் இல்லாமல் இன்னொரு முறையும் பாருங்கள். குரல் எங்கே தடுமாறுகிறது, இசை எப்போது ஓய்கிறது என்பவை இரண்டாம் முறைதான் காதில் விழும். ஒலியே இல்லாமலும் அந்தக் காட்சி மனத்தைத் தொடுகிறதா என்றும் சோதியுங்கள். தொடவில்லையென்றால் வேலை செய்தது கதையன்று, இசை.

உருக்கத்தைப் பாராட்டுவதற்காகத் தொடரின் குறையை மறைக்க வேண்டாம். எடுத்துக்காட்டாக, சோமா குடும்பத்தின் தலைமையில் இருந்துகொண்டு அந்தக் குடும்பத்தையே வதைத்த அகித்தோவின் மீது இறுதிப் பருவம் காட்டும் பரிவு எனக்கு அவசரமாகத் தோன்றியது. நீங்கள் மாறாகக் கருதினால், எந்தக் காட்சி அந்த மன்னிப்பை உங்களுக்கு ஏற்புடையதாக்கியது என்று சுட்டிக்காட்டி எழுதுங்கள்.