பழைய மோட்டார்ஹோமைச் சீர்செய்வது: முதலில் ஒழுக்கு, அப்புறம்தான் சோலார்

மலேசியாவின் சுங்கை சிப்பூட் மாதிரி ஒரு தோட்டத்துப் பட்டணத்தில், கட்டிலும் அடுப்பும் வைத்த பழைய மோட்டார்ஹோம் வாசலில் வந்து நின்றால், வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு சோலார் எத்தனை வாட், டிவியை எங்கே மாட்டலாம் என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கூரை ஒழுகும் வண்டியில் சோலார் மாட்டினால், ஏற்கெனவே அழுகிக்கொண்டிருக்கும் பலகையில் இன்னும் எட்டு ஓட்டை போட்டதுதான் மிச்சம். மழைத் தண்ணீரை நிறுத்துவது, அழுகியதை மாற்றுவது, கேஸ், 12 வோல்ட் வயரிங், குடிதண்ணீர், கடைசியில் வசதிகள். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

எஞ்சின், பிரேக் இரண்டையும் நல்ல போமனிடம் (மெக்கானிக்கிடம்) விட்டுவிடுங்கள். பிரேக் எண்ணெய் இரண்டு வருடத்துக்கு மேல் பழசென்றால் மாற்றச் சொல்லுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கேமரன் மலையிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது பிரேக் சூடேறி, அந்த ஈரம் ஆவியானால் பெடல் தரைவரை போய்விடும்.

பணம் கொடுக்கும் முன் வண்டியின் பதிவுப் பத்திரமான கெரானையும் பாருங்கள். அதில் பதிந்திருக்கும் வண்டி வகையும் கண்ணெதிரே நிற்கும் வண்டியும் ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரண வேன் என்று பதிந்திருக்க, உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால், பெயர் மாற்றும் சோதனையில் சிக்கல் வரும். சீட்டைக் கழற்றுவதோ கூரையை உயர்த்துவதோ ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி கேட்கும் வேலை. வாங்கும் முன்பே அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒழுக்கைக் கண்டுபிடிப்பது

உள்ளே கறை தெரியும் இடத்தில் பெரும்பாலும் ஓட்டை இருக்காது. கூரையில் புகுந்த தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடி, ஒரு மீட்டர் தள்ளிக்கூட இறங்கும். அதனால் முதலில் ஈரத்தின் வரைபடத்தை எடுங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், இரண்டு ஊசி வைத்த மர ஈரமானி போதும். ஜன்னல்களின் கீழ் மூலைகள், கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, பின் விளக்குகளுக்கு மேலே, கூரையின் காற்றுத் திறப்பான வெண்ட்டைச் சுற்றி, படுக்கைக்கு அடியில் என ஒவ்வொரு சாணுக்கும் ஒரு அளவு எடுத்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிரிட்டன்காரர்களின் கையேடுகளில் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்று போட்டிருக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, நல்ல பலகையே 15, 16 காட்டும். வண்டியின் நடுவில், வெளிச்சுவரைத் தொடாத தடுப்புப் பலகையை முதலில் அளந்து அதை அடிப்படையாக வையுங்கள். அதைவிட 5 கூடினால் சந்தேகம். 25 தாண்டினால் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. 30 தாண்டினால் பலகை அழுகத் தொடங்கியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வழியைத் தேடுங்கள். தோட்டத்து இலையை ஊதித் தள்ளும் புளோவர் ஒன்றை இரவல் வாங்குங்கள். ஒரு ஜன்னலைத் திறந்து, அட்டை வைத்து மூடி, புளோவரின் குழாய் நுழையும் அளவுக்கு அட்டையில் ஓட்டை போட்டு, உள்பக்கமாக மெதுவாக ஊதவிடுங்கள். மற்ற வெண்ட்டுகளை டேப்பால் மூடிவிடுங்கள். இப்போது வெளியே பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து, மூட்டுகளில் அடித்துக்கொண்டே போங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை முட்டை முட்டையாகக் கிளம்பும். பென்சிலால் வட்டம் போடுங்கள். ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பார்க்கும் முறையில் அரை நாள் போகும், பலகையும் மறுபடி நனையும். இதில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

படி 2: அடைப்பது

வெள்ளை சிலிக்கன் குழாயைத் தயவுசெய்து தொடாதீர்கள். காடி வாடை அடிக்கும் சிலிக்கன் காயும்போது வெளிவிடும் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு வேறு எந்தக் கம்மும், பெயிண்டும் ஒட்டாது. முந்தைய ஆள் பூசிப் போன சிலிக்கனைச் சுரண்டுவதில்தான் இந்த வேலையின் பாதி நேரம் போகும்.

ஜன்னல், வெண்ட், பக்கத்து அலுமினியப் பட்டை எல்லாவற்றுக்கும் முறை ஒன்றே. மேலே பூசி மறைக்காமல், கழற்றி எடுங்கள். பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இரும்புக் கத்தி பெயிண்டைக் கீறும், கீறிய இடத்தில் துரு வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால், துணி கறுக்காமல் வரும்வரை துடையுங்கள். பட்டைக்கு அடியில் பியூட்டில் டேப் (பிசுபிசுப்பான பசை நாடா) வைத்து, ஸ்க்ரூக்களை ஒரே அடியாக இறுக்காமல், சுற்றிச் சுற்றி இரண்டு மூன்று தடவையில் இறுக்குங்கள். பசை நாலா பக்கமும் ஒரே மாதிரி பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடம்தான் நாளைய ஒழுக்கு. மறுநாள் பிதுங்கியதை வெட்டிவிட்டு, விளிம்பில் சிக்காஃப்ளெக்ஸ் 221 மாதிரி பாலியுரித்தேன் கம்மை ஒரு கோடு இழுங்கள். அது ஒரு நாளைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம்தான் காயும். பிற்பகல் இடிமழை வரும் மாதங்களில் காலையிலேயே வேலையை முடித்து, மேலே தார்ப்பாய் கட்டுங்கள்.

துருவை உருளைக் கம்பி பிரஷால் பளபளக்கும்வரை தேய்த்து, துரு மாற்றி பூசி, காய்ந்ததும் இரண்டு கோட் எபாக்சி பிரைமர், அதன் மேல் பெயிண்ட். கூரையின் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் இலை தங்கினால் ஈரம் நிற்கும். வண்டியை ரப்பர் மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வாரம் ஒருமுறை அதை வழித்துவிட வேண்டும்.

படி 3: அழுகிய தரை

வெறுங்காலோடு நடந்து பாருங்கள். குதிகால் ஒரு இடத்தில் மெத்தையில் அழுந்துவதுபோல் இறங்கினால் அங்கே பலகை போய்விட்டது. கதவுப்படியும் சிங்க்கின் கீழும்தான் வழக்கமாகப் போகும் இடங்கள். ஸ்க்ரூ டிரைவரின் முனை கையழுத்தத்திலேயே இறங்கி, தேயிலைத் தூள் மாதிரி பழுப்பாக வந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்தே ஆக வேண்டும்.

வெட்டும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், வயர் கட்டு எங்கே போகிறது என்று தெரியாமல் ரம்பத்தை இறக்காதீர்கள். அறுக்கும் ஆழத்தைப் பலகையின் கனத்துக்கே வைத்து, இருபக்கமும் நல்ல சட்டம் கிடைக்கும்வரை வெட்டுங்கள். 12 மி.மீ. தண்ணீர் தாங்கும் பிளைவுட் எடுத்து, முக்கியமாக நாலு விளிம்புகளிலும், எபாக்சி இரண்டு கோட் பூசிவிட்டுப் பொருத்துங்கள். தண்ணீர் பிளைவுட்டின் முகத்தில் புகுவதைவிட விளிம்பில்தான் குடிக்கும்.

உள்பலகை கழற்றி, சுவரும் கூரையும் திறந்திருக்கும்போதே கூரைக்கு வெப்பத் தடுப்பு வையுங்கள். தண்ணீர் உறிஞ்சாத மூடிய செல் ரப்பர் ஃபோம், 20 மி.மீ., ஒட்டும் வகை. கண்ணாடிப் பஞ்சு வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகரத்தைத் தின்னும்.

படி 4: கேஸ்

இதில் சமரசம் இல்லை. அடுப்புக்குக் கீழே அலமாரியில் வீட்டு 14 கிலோ சிலிண்டர் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தரையில் குளமாகத் தேங்கும். சிலிண்டர் பெட்டி வண்டியின் உள்ளறையிலிருந்து முழுவதும் அடைபட்டு, அடியில் தரையைத் துளைத்து வெளியே திறக்கும் ஓட்டையோடு இருக்க வேண்டும். அந்த ஓட்டையைத் தூசு வருகிறதென்று யாரோ டேப் ஒட்டி அடைத்திருப்பதைப் பழைய வண்டிகளில் பார்க்கலாம். பிய்த்து எடுத்து, எலி நுழையாத அளவுக்குக் கம்பி வலை வையுங்கள். ரப்பர் ஹோஸை எப்படியிருந்தாலும் மாற்றுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள், நெருப்புக்குச்சி வேண்டாம். கேஸ் அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். குழாய் வேலையே மாற்ற வேண்டுமென்றால் கேஸ் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சின்ன கேன் அடுப்பு வைத்திருப்பவர்கள், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கேனை விட்டுப் போகாதீர்கள்.

பிரிட்டனிலிருந்து வந்த வண்டியில் கேஸ் ஹீட்டர் இருந்தால் அது இங்கே வெறும் பாரம். குழாயை முறையாக அடைத்துவிட்டுக் கழற்றினால் ஒரு பேட்டரி வைக்க இடம் கிடைக்கும்.

படி 5: 12 வோல்ட் வயரிங்

முதலில் ஒரு நாள் செலவைக் கணக்குப் போடுங்கள். 45 வாட் கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜ் நம் வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடும், 540 வாட்‑மணி. 20 வாட் விசிறி பத்து மணி நேரம், 200. விளக்கு 50, கைபேசிகள் 30, தண்ணீர் பம்ப் 20. மொத்தம் 840. 450 வாட் சின்ன ரைஸ் குக்கரில் அரை மணி நேரம் சோறு வைத்தால் இன்வெர்ட்டர் நஷ்டத்தோடு இன்னும் 250. ஆக 1,090.

100 ஆம்பியர்‑மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்‑மணி உண்டு. அதே அளவு ஈயப் பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம், அதற்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். 200 வாட் சோலார், நாளுக்கு நாலு மணி நேர நல்ல வெயில், நஷ்டம் கால்வாசி என்றால் 600. 300 வாட் என்றால் 900. மீதியை, வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்ட்டர்னேட்டரிலிருந்து எடுங்கள். ஆனால் லித்தியத்தை அதோடு நேராக இணைக்காதீர்கள். கிடைக்கிற கரண்டை எல்லாம் லித்தியம் இழுக்கும், பழைய ஆல்ட்டர்னேட்டர் சூடேறி எரிந்துபோகலாம். நடுவில் கரண்டைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் டி.சி.‑டி.சி. சார்ஜர் வையுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஏறக்குறைய 390 வாட்‑மணி ஏறும். ஏர்கோன் ஆசை இருந்தால், ஆயிரம் வாட் இழுக்கும் சாதனம் இந்தப் பேட்டரியை ஒரு மணி நேரம் சொச்சத்தில் காலி செய்துவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையில் 35 செ.மீ. வெண்ட் விசிறி நல்ல பலன் தரும்.

வயரின் கனம்தான் ஆரம்பக்காரர்கள் சறுக்கும் இடம். வழியில் இழக்கும் வோல்ட்டின் கணக்கு எளிது: 2 × நீளம் (மீட்டரில்) × ஆம்பியர் × 0.0175, அதை வயரின் சதுர மில்லிமீட்டரால் வகுங்கள். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி 5 ஆம்பியர் ஃப்ரிட்ஜ். 1 சதுர மி.மீ. வயரில் 0.87 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஃப்ரிட்ஜ் பேட்டரி தீர்ந்துவிட்டதென்று நினைத்து நள்ளிரவில் நின்றுவிடும், நீங்கள் நல்ல பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.35, அது பரவாயில்லை. 4 போட்டால் 0.22.

ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. அதனால் அதன் அளவை வயர் தாங்கும் அளவுக்குள் வையுங்கள்: 1.5 சதுர மி.மீ.க்கு 10 ஆம்பியர், 2.5க்கு 15. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பிரதான ஃப்யூஸ் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வயர் உரசி ஷார்ட் ஆனால் தடுக்க வேறு எதுவும் இல்லை. 1,000 வாட் இன்வெர்ட்டர் 100 ஆம்பியர்வரை இழுக்கும்: 35 சதுர மி.மீ. கேபிள், 125 ஆம்பியர் ஃப்யூஸ், நீளம் ஒரு மீட்டருக்குள்.

இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள். ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து, வண்டி குலுங்கக் குலுங்க அங்கேயே ஒடியும். சரியான கிரிம்பிங் இடுக்கியால் அழுத்தி, வயர் முனையில் மாட்டிய லக்கைப் பிடித்து ஓங்கி இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் நல்லதாயிற்று, வழியில் கழன்றிருக்கும். எர்த் போல்ட் (நெகட்டிவ் வயரை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்) வைக்கும் இடத்தில் பெயிண்டை வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். விளக்கு மினுக்குவது, பம்ப் விட்டு விட்டு ஓடுவது போன்ற குறைகளுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த போல்ட்தான்.

செம்பனைத் தோட்டத்துப் பக்கம் எலி அதிகம். வயரை நெளிகுழாய்க்குள் விடுங்கள். தரையில் வயர் இறங்கும் ஓட்டைகளை ஸ்டீல் கம்பிப் பஞ்சு வைத்து அடைத்து மேலே கம் போடுங்கள்.

சோலார் பேனலுக்குக் கீழே இரண்டு மூன்று செ.மீ. காற்று போக இடம் வேண்டும், சூடேறினால் உற்பத்தி குறையும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலரில் எப்போதும் பேட்டரியை முதலில் இணைத்து, பேனலைக் கடைசியில் இணையுங்கள். கழற்றும்போது நேர் எதிர். வீட்டு 230 வோல்ட் இணைப்பு வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ள வயர்மேன் மட்டும்; 30 மில்லி‑ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே நிறுத்தும் சுவிட்ச்) இல்லாமல் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

படி 6: தண்ணீர்

டேங்க்கைக் கழுவ, வாசனை சேர்க்காத குளோராக்ஸ் (ப்ளீச்) லிட்டருக்கு ஒரு மில்லி. 60 லிட்டர் டேங்க்குக்கு 60 மில்லி. எல்லாக் குழாய்களையும் வாடை வரும்வரை திறந்து மூடி, இரவு முழுக்க விட்டு, மறுநாள் வாடை போகும்வரை நல்ல தண்ணீர் ஓட்டுங்கள். பம்ப்புக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம். எந்தக் குழாயும் திறக்காதபோது பம்ப் நடுவில் ‘டுர்ர்’ என்று ஒரு நொடி ஓடி நின்றால், எங்கோ சொட்டுகிறது, அல்லது பம்ப்பின் வால்வு பிடிக்கவில்லை.

படி 7: எடையும் டயரும்

எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, ஆட்கள் உட்கார்ந்தபடி நிறுங்கள். எண்ணெய் ஆலைக்குப் பழக்குலை கொண்டுபோகும் லோரிகளை நிறுக்கும் மேடைத் தராசு போதும், வேலை குறைந்த நேரத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். முன் சக்கரம் மட்டும் ஏற்றி ஒன்று, முழு வண்டி ஒன்று என்று இரண்டு அளவு எடுத்தால் பின் அச்சின் பாரம் தெரிந்துவிடும். அதை வண்டியின் தகட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அதிகமென்றால் முதலில் தண்ணீரைக் குறையுங்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ.

டயரின் பக்கவாட்டில் ‘DOT’ என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23வது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஏழு வருடம் தாண்டியதை மாற்றுங்கள். நின்றே கிடக்கும் வண்டியின் டயர் தேயாது, வெடிக்கும்.

முதல் ஓட்டம் ஈப்போவரை போய்த் திரும்பும் தூரம் போதும். வந்ததும் சக்கர நட்டு, பேட்டரி முனை, சோலார் பிராக்கெட் மூன்றையும் மறுபடி இறுக்குங்கள். அடுத்த பெருமழை விட்ட கையோடு ஈரமானியை எடுத்து, படி 1இல் ஒட்டிய அதே டேப்புகளின் பக்கத்தில் புது எண்ணை எழுதுங்கள். எண் குறைந்துகொண்டே வந்தால் சுவரை மூடலாம். ஒரு மூலையில் மட்டும் ஏறியிருந்தால் அந்த ஜன்னலை மறுபடி கழற்ற வேண்டும்.