கொல்லுகிற சாமிக்கு என்ன வருத்தம்?

காரைக்குடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொடர்கதை எழுதிப் பழகுகிற ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டு முகப்பில் கூடுகிறோம். போன தடவை மூன்று பேர் மிகுபுனைவுத் (ஃபேண்டஸி) தொடரோடு வந்திருந்தார்கள். மூன்றிலும் கொலையே தொழிலான ஒரு தெய்வம், மூன்றிலும் அதற்கு மனசு உறுத்துகிறது. கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து வருடத்துக்கு முன்னால் நான் ஆடிய அதே கூத்து. சந்திப்பிழை, பெயர்க் குழப்பம் எல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். நான் சொல்ல வருவது வேறு.

சாக வேண்டியவனையே சாகடிப்பது

என் தொடருக்கு ஏழு பாகம் திட்டம். தெய்வத்தின் பெயர் நிழலன். ஒவ்வொரு அமாவாசையன்றும் அவன் கைக்கு ஓர் ஓலை வரும். அதில் இருக்கிற பெயருக்கு உரியவனை அடுத்த அமாவாசைக்குள் முடித்துவிட வேண்டும். முதல் பாகம் 42 அத்தியாயம், 11 கொலை. பஞ்ச காலத்தில் நெல்லைப் பதுக்கியவன், பிள்ளைகளைப் பிடித்து விற்றவன், எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட மந்திரி என்று வரிசையாகச் செத்தார்கள். ஒவ்வொரு கொலைக்கும் பிறகு நிழலன் ஊருணிப் படியில் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டே இரண்டு பக்கத்துக்கு அழுவான். அந்த அழுகையில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

எதிர்வீட்டு ஆச்சி நல்ல வாசகி. அச்செடுத்துக் கொடுத்தேன். இருபதாம் அத்தியாயத்தோடு கட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

"ஏந்தம்பி, செத்தவன் பூராம் சாக வேண்டிய பயதானே? ஒன் சாமி எதுக்கு ஒக்காந்து அழுகுது?"

கொலை என்றாலே பாவம்தானே ஆச்சி, அந்த உறுத்தல்தான் கதையே என்று விளக்கினேன்.

"அப்ப கொசு அடிச்சாலும் அழுகுமோ?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வீம்பு இருந்தது. இரண்டாம் பாகத்தில் சரிசெய்துவிடலாம் என்று ஓலையில் ஒரு அப்பாவி நெசவுக்காரியின் பெயரை எழுதினேன். உடனே ஒரு வாசகர், அவள் ரகசியமாகச் சூனியம் வைக்கிறவள்தானே என்று கேட்டு எழுதினார். அவர்மேல் தப்பில்லை. 11 கொலைக்கும் கைதட்டப் பழக்கியவன் நான்தான். பன்னிரண்டாவதற்கு மட்டும் அவர் எப்படிப் பதறுவார்? எழுதி வைத்திருந்த 18 அத்தியாயமும் குப்பைக்குப் போயின. முதல் பாகமோ ஏற்கெனவே வெளியாகிவிட்டது, அதில் கைவைக்க முடியாது. தொடர் அங்கேயே நின்றது. இன்றைக்கு யாராவது கந்துவட்டிக்காரனைக் கொன்றுவிட்டு அழுகிற சாமியோடு வந்தால் எனக்கு எரிச்சல் வருவதற்கு இதுதான் காரணம்.

இத்தனைக்கும் நான் பிறந்து வளர்ந்தது காரைக்குடியில். 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர். பங்குனியில் கம்பன் விழா நடக்கும், அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நிறைவு. சின்ன வயதில் சுண்டலுக்காகப் போய் உட்கார்ந்து வாலி வதைப் பேச்சுகளைக் கேட்டவன் நான். கடவுளே மறைந்து நின்று அம்பு விடுகிற இடம் அது. வாலியிடம் குற்றம் இல்லாமல் இல்லை, தம்பி மனைவியைக் கவர்ந்தவன். ஆனால் அந்தக் குற்றத்தைவிட ஆள் பெரியவனாக இருக்கிறான். மார்பில் தைத்த அம்பைப் பற்றி இழுத்து, அதில் இருக்கும் பெயரைப் படித்த பிறகுதான் எய்தது யார் என்று அவனுக்குத் தெரிகிறது. அதற்கு அப்புறம் அவன் கேட்கிற கேள்விகளுக்கு இன்றைக்கும் மேடை போட்டுப் பதில் தேடுகிறார்கள். மற்ற குற்றச்சாட்டுகளுக்கு இராமன் பதில் சொல்கிறான். ஏன் மறைந்து நின்று எய்தாய் என்பதற்கு மட்டும் கம்பனில் இலக்குவன் பதில் சொல்கிறான். கடைசியில் வாலியின் மகன் அங்கதன் கையில் இராமன் தன் உடைவாளைக் கொடுக்கிறான். கொன்றவன் வாள் செத்தவன் பிள்ளை கையில்! கொன்றவன் உட்கார்ந்து அழாமலேயே அந்த இடம் கனக்கிறது. நான் ஊருணிப் படியில் செலவழித்த பக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் 22 வருகிறது.

இப்போதெல்லாம் ஓலையில் பெயர் ஏறுவதற்கு முன்னால் அந்த ஆளுக்கு ஒரு முழு அத்தியாயம் எழுதிவிடுகிறேன். அதில் சாமி வராது. பேத்தியோடு தாயம் ஆடி அவர் தோற்றுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

முக்காடு

சாமிக்குப் போட்ட முக்காட்டைக் கழற்றிவிடுங்கள். சித்திரை வெயிலில் கறுப்புப் போர்வையோடு நடப்பவனை ஊரே திரும்பிப் பார்க்கும்.

எல்லை இல்லாத சாமி

ஒரு தம்பியின் தெய்வத்துக்கு ஒன்பது வரங்கள். எதையும் செய்ய முடிகிறவனுக்குக் கொல்லாமல் இருக்கவும் முடியுமே, பிறகு என்ன தவிப்பு? நம் பக்கத்துக் கோயில்களைப் பாருங்கள். அய்யனார் சைவம். அதே வளாகத்தில் கருப்பருக்குக் கிடா வெட்டும்போது பல ஊர்களில் அய்யனாருக்கு முன்னால் திரையை இழுத்துவிடுவார்கள். நியாயம் சொல்கிற பெரிய சாமி பார்க்கக் கூடாது, அருவாள் பிடித்த சாமி காரியத்தை முடிக்க வேண்டும். இருவருக்கும் ஒரே ஊர்தான் படியளக்கிறது. திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிற கருப்பர் என்ன நினைப்பார் என்று கேட்டுக்கொண்டாலே மூன்று பாகத்துக்குக் கதை வரும்.

வீடு

செட்டிநாட்டு வீட்டில் கொலையை வைக்கிறவர்கள் ஒருமுறையாவது ஒரு பெரிய வீட்டுக்குள் நடந்து பாருங்கள். முகப்பில் நின்றால் வளவு (நடுமுற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரைக்கும் வாசல் நிலைகள் ஒரே நேராகத் தெரியும். பகலில் வளவில் வற்றல் காயும், காக்கா விரட்ட ஆள் இருக்கும். ஓட்டின் மேல் பூனை நடந்தாலே சத்தம் கேட்கிறது, உங்கள் சாமி மட்டும் எப்படி ஓசைப்படாமல் குதிக்கிறது? (நானும் குதிக்க வைத்தவன்தான்.)

அருவாள்

வெட்டுவதற்கு. எறிவதற்கு இல்லை.

செத்தவரை மறந்துவிடுவது

தமிழ்நாட்டில் கும்பிடப்படுகிற பல சாமிகள் அநியாயமாகக் கொல்லப்பட்ட மனிதர்கள். கொன்றவர்களின் குடும்பமே பயந்துபோய்க் கல் நட்டுப் படையல் போட்ட கதைகளும் உண்டு. அப்படியென்றால் உங்கள் தெய்வம் ஒவ்வொரு கொலையிலும் இன்னொரு தெய்வத்தை உண்டாக்கிக்கொண்டே போகிறது. அதற்கும் பசி உண்டு, அதுவும் ஒரு நாள் எல்லைக்கு வந்து நிற்கும். இதை இதுவரைக்கும் யாரும் எங்கள் முகப்புக்கு எழுதிக் கொண்டுவரவில்லை.

போன ஞாயிறு இதைச் சொன்னபோது, அடுத்ததாக வாசிக்க இருந்த பெண் கையிலிருந்த பதினேழாம் அத்தியாயத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் வாசிக்கிறேண்ணே."