செல் விழுந்த சுண்ணாம்புச் சுவரைத் திருத்துவது எப்படி

யாழ்ப்பாணத்தின் பழைய நாற்சார் வீடுகள் (நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டியவை) பலவற்றில் போர்க்காலச் சன்னத் (துப்பாக்கிக் குண்டு) துளைகளும் செல் (எறிகணை) வெடிப்புகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன. திருத்த வெளிக்கிடுகிறவர்கள் முதலில் வாங்குவது சீமெந்துப் பை. வேண்டாம். எங்கள் சுண்ணாம்புக்கல் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பு பூத்து கல்லின் முகத்தைத் தள்ளிவிடும். சில மாரிகளில் பூச்சு கல்லையும் இழுத்துக்கொண்டு விழும்.

ஆட்கள் இல்லாமல் கிடந்த வளவென்றால் முதலில் கண்ணால் பாருங்கள். துருப்பிடித்த உருளையோ வால்தகடோ தென்பட்டால் அது வெடிக்காத செல்லாக இருக்கலாம்; தொடவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். எல்லாரையும் விலக்கிவிட்டுப் பொலிஸின் அவசர இலக்கமான 119க்கு அறிவியுங்கள்.

யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பின் குறுக்கே மெல்லிய சாந்துப் பட்டை வைத்துத் திகதி எழுதுங்கள். ஒரு மாரி கழிந்தும் பட்டை முறியாவிட்டால் பூசலாம். முறிந்தால் அத்திவாரம் இன்னும் இறங்குகிறது. அதைச் சரிபார்க்காமல் மேலே வேலை செய்வது வீண்.

பூச்சுக்கான சாந்துக்குச் சுண்ணாம்பு நீற்றும்போது (தண்ணீரில் கரைத்துக் களியாக்கும்போது) பீப்பாயில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, அதற்குள் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கட்டியின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அரித்தெடுத்த களியை மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி, குறைந்தது 3 கிழமை வையுங்கள். நாள் கூடக்கூட நல்லது. கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் உப்பைக் கொண்டுவரும், இரண்டையும் தவிருங்கள். களி 1 பங்கு, கழுவிய மணல் 3 பங்கு. தண்ணீர் சேர்க்கத் தோன்றும், சேர்க்காமல் மிதித்தும் அடித்தும் குழையுங்கள். மேசன் கரண்டியைக் கவிழ்த்தாலும் சாந்து ஒட்டி நின்றால் பதம் சரி.

துளைக்குள் உள்ள உலோகத் துண்டை உளியால் முழுதாக எடுத்துவிட வேண்டும். விட்ட துண்டு துருவேறிப் பருத்து புதுப் பூச்சை உடைக்கும். பிறகு தூசியைத் துடைத்து, சுவரைத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும், சாந்து பொடியாகும். பெரிய துளைக்குச் சாந்தை மட்டும் அடைக்காமல் சுண்ணாம்புக்கல் துண்டுகளையும் வைத்து இறுக்குங்கள். ஒரு தடவைக்கு 1 சென்ரிமீற்றருக்கு மேல் பூச்சு வேண்டாம். முதல் பூச்சு இறுகிய பிறகே அடுத்தது.

சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பூச்சு ஒரு பகலிலேயே காய்ந்து மயிரிழையாய் வெடிக்கும். மாரி முடிந்து தை, மாசியில் தொடங்கி, ஈரச் சாக்கால் ஒரு கிழமையாவது மூடி வையுங்கள்.

கூரையின் பனஞ்சலாகைகளை (ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டங்களை) அறுக்குமுன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே செல் துண்டு இருந்தால் வாள் பல் உடைந்து தெறிக்கும். மாற்றுவதற்குக் கறுத்து வயிரம் பாய்ந்த பனையையே எடுங்கள். இளமரம் என்றால் கொஞ்ச நாளில் பூச்சி அரித்து ஓட்டின் பாரத்துக்கு வளைந்துவிடும்.