தேர்ச்சிச் சட்டகத்தைக் கொண்டு தலைமை மனப்பாங்கை வளர்ப்பது எப்படி: தோட்ட மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வழிகாட்டல்

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் கங்காணியாகவோ வெளிக்கள உத்தியோகத்தராகவோ நியமிக்கப்படும்போது அவர் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு செக்ரோலும் (ஆட்களின் வேலை நாட்களைப் பதியும் பேரேடு) பொறுப்புக்கு ஒரு மலையும் (தோட்டத்தின் ஒரு பகுதி) தான். நேற்று வரை நிரை (தேயிலைச் செடி வரிசை) பிடித்து வேலை செய்தவர், இன்று காலை ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டுக் களத்தில் நின்று மற்றவர்களுக்கு நிரை பிரித்துக் கொடுக்க வேண்டும். வேலை அவருக்குத் தெரியும், ஆட்களையும் தெரியும். ஆனால் ஒரு சிக்கல் வந்ததும், தோட்ட முகாமையாளரை நினைத்து, "துரை என்ன சொல்வார்?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. "இந்த வேலைக்கும் இந்த ஆட்களுக்கும் இப்போது என்ன தேவை?" என்ற கேள்வி அதற்கு முன்னே எழத் தொடங்குவதைத்தான் நான் தலைமை மனப்பாங்கு என்கிறேன்.

அந்த முதற் கேள்வியைத் தனிமனிதரின் குறையாகப் பார்க்கக் கூடாது. 1867இல் லூல்கந்துரையில் வர்த்தகத் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கிய காலத்திலிருந்து, கட்டளை துரையிடமிருந்து பெரிய கங்காணிக்கும் அவரிடமிருந்து தொழிலாளருக்கும் இறங்கி வந்தது. கீழிருந்து கேள்வி மேலே ஏறியது அரிது. இத்தனை தலைமுறைப் பழக்கத்தை ஒரு நாள் பயிற்சிப்பட்டறை மாற்றிவிடாது. அன்றாட வேலைக்குள்ளேயே வைத்துப் பழகக்கூடிய கருவி ஒன்று வேண்டும். தேர்ச்சிச் சட்டகம் அப்படிப்பட்ட கருவி.

ஒரு வேலையை நன்றாகச் செய்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களாக எழுதி, அவற்றை மட்டங்களாக வரிசைப்படுத்தினால் அதுவே தேர்ச்சிச் சட்டகம். நுண்ணறிவுச் சோதனையையும் பரீட்சைப் புள்ளியையும் நம்பாமல் தேர்ச்சியை அளவிட வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் மக்கிளெலண்ட் 1973இல் வாதிட்ட பின்னர் இந்த எண்ணம் தொழில் நிறுவனங்களில் பரவலாயிற்று. நமக்கும் இது புதிதன்று. பாடசாலை ஆசிரியர் வழிகாட்டிகளில் "தேர்ச்சி மட்டம்" என்ற சொல் இருக்கிறது. நமது தேசிய தொழிற் தகைமை முறையும் ஏழு மட்டங்களைக் கொண்டது.

முதல் வேலை சம்பவங்களைச் சேகரிப்பது. "நேர்மை", "துணிவு", "ஆளுமை" என்று குணங்களை எழுதத் தொடங்கினால், அந்தத் தாள் சுவரில் தொங்குமே தவிர எவருக்கும் பயன்படாது. ஜோன் ஃபிளனகன் என்ற உளவியலாளர் 1954இல் விளக்கிய முறை இங்கு நன்றாகப் பொருந்துகிறது: வேலை சிறப்பாக நடந்த ஒரு தருணத்தையும் பிழைத்துப்போன ஒரு தருணத்தையும் நினைவுகூரச் சொல்லி, அப்போது மேற்பார்வையாளர் என்ன செய்தார் என்று மட்டும் கேளுங்கள். இருபது சம்பவங்கள் போதும். கொழுந்து பறிக்கும் பெண்களிடமும் கட்டாயம் கேளுங்கள். உத்தியோகத்தர் நிற்கும் இடத்தில் அவர்கள் மனம் திறக்கத் தயங்குவார்கள். ஆகவே அவர்கள் நம்பும் ஒரு பெண்ணே கேட்கட்டும், கேட்கும் இடம் அலுவலகமாக இருக்க வேண்டாம்.

அந்தச் சம்பவங்களிலிருந்து ஐந்து தேர்ச்சிகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். தெளிவாக வேலை ஒப்படைத்தல், வெளிப்படையாக முடிவெடுத்தல், ஆபத்தை முன்கூட்டிக் காணுதல், முரண்பாட்டைக் கேட்டுத் தீர்த்தல், மற்றொருவரை வளர்த்தல் ஆகிய ஐந்தும் தோட்டத்துக்குப் போதுமென்பது என் கணிப்பு. பின்னர் ஒவ்வொன்றுக்கும் நான்கு மட்டங்கள் எழுதுங்கள். எப்படி எழுதுவதென்பதற்கு, "வெளிப்படையாக முடிவெடுத்தல்" என்பதை எனக்குக் கற்றுத் தந்த நாளைச் சொல்கிறேன்.

நான் வெளிக்கள உத்தியோகத்தராக வேலைக்குச் சேர்ந்த புதிது. தென்மேற்குப் பருவ மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில் நிறுவை நடந்தது. எனக்கு முன்னிருந்தவர் செய்தபடியே, தராசில் விழுந்த நிறையிலிருந்து ஆளுக்கு இரண்டு கிலோ கழித்து எழுதிக்கொண்டே போனேன். ஈரச் சேலை முழங்காலோடு ஒட்டியிருக்க, வயதான ஓர் அம்மா தன் சாக்கைப் பிடித்தபடி, "ஐயா, ஈரத்துக்கு எவ்வளவு, சாக்குக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லுங்க" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பேசாமல் என் முகத்தையே பார்த்தார்கள். மறுநாள் வெறும் சாக்கை அவர்கள் முன்னாலேயே நிறுத்துக் காட்டினேன். ஈரத்துக்கான கழிவு எந்த அடிப்படையில் முடிவாகிறது என்பதைத் தொழிற்சாலையில் கேட்டறிந்து சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அந்த அனுபவத்தை மட்டங்களாக எழுதினால் இப்படி வரும். முதலாம் மட்டத்தில் இருப்பவர் கழிவைத் தாமே எழுதிக்கொள்வார். கேட்டால் "வழக்கம்" என்பார். இரண்டாம் மட்டத்தில் இருப்பவர் நிறுவைக்கு முன்னரே அளவை அறிவிப்பார். மூன்றாம் மட்டத்தில் இருப்பவர் சாக்கை நிறுத்துக் காட்டி, ஈரத்துக்கான காரணத்தை விளக்கி, ஆட்சேபனை வந்தால் மீண்டும் நிறுப்பார். நான்காம் மட்டத்தில் இருப்பவர் தொழிலாளரில் ஒருவரையே தராசைப் பார்த்து வாசிக்க வைப்பார். வழக்கமே பிழை என்று கண்டால் அதை ஆதாரத்தோடு முகாமையாளரிடம் கொண்டுபோவார். இந்த வரிகளில் குணத்தைக் குறிக்கும் சொல் ஒன்றுமில்லை என்பதைக் கவனியுங்கள். மடுவத்தின் ஓரத்தில் நிற்கும் எவரும் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம்.

சட்டகம் தயாரானதும் மேற்பார்வையாளர் தம் மட்டத்தைத் தாமே குறிக்கட்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் திகதியோடு இரண்டு சம்பவங்கள் சான்றாக வேண்டும். அவருடைய மேலதிகாரி தனியாகக் குறிக்கட்டும். இரண்டும் வேறுபடும் இடங்களே பேச வேண்டிய இடங்கள். முதல் வருடத்தில் இதைச் சம்பள உயர்வோடும் பதவி உயர்வோடும் இணைக்காதீர்கள். இணைத்தால் எல்லோரும் நான்காம் மட்டத்தில்தான் இருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு தேர்ச்சியைத் தெரிந்தெடுத்துப் பழகுவதே பலன் தரும்.

அடுத்ததில்தான் பல தோட்டங்கள் தவறுகின்றன. தீர்மானிக்கும் உரிமையைக் கொடுக்காமல் தீர்மானிக்கும் ஆற்றலை எதிர்பார்க்கிறார்கள். குளவி கொட்டி உயிர் போன சம்பவங்கள் மலைநாட்டில் நடந்திருக்கின்றன. மலையில் குளவிக் கூட்டைக் கண்ட மேற்பார்வையாளர், ஆட்களை உடனே வெளியேற்றினால் அன்றைய கொழுந்து குறைந்ததற்கு ஏச்சு வாங்க நேருமோ என்று தயங்குவாரானால், "ஆபத்தை முன்கூட்டிக் காணுதல்" என்ற வரி வெறும் மையாகிவிடும். குளவி, மின்னல், மண்சரிவு அறிகுறி ஆகியவற்றைக் கண்டால் எவரிடமும் கேளாமல் வேலையை நிறுத்தலாம், அன்றைக்கு எவருடைய பேரும் (நாட்சம்பளக் கணக்கு) குறையாது என்று முகாமையாளர் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் கையில் இருக்கும் மனிதர் மலையில் நடக்கும் விதமே வேறு.

வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு கொப்பியில் நான்கு வரி எழுதுங்கள்: நான் எடுத்த முடிவு, அதற்கான காரணம், நடந்தது, மறுமுறை மாற்றிச் செய்யப்போவது. "துரை சொன்னார்" என்பது காரணப் பகுதியில் எத்தனை முறை வருகிறதென்று மாத முடிவில் எண்ணிப் பாருங்கள். மனம் மாறிய பிறகு நடத்தை மாறும் என்று காத்திருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். நடத்தையை மாற்றி, அதை எழுதிப் பார்க்கிறவரின் மனம் தானாகவே பின்தொடர்கிறது.

ஐந்தாவது தேர்ச்சியான மற்றொருவரை வளர்த்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களை மேற்பார்ப்பவர்களோ நெடுங்காலமாக ஆண்களாகவே இருந்து வந்திருக்கிறார்கள். செயல்களால் எழுதப்பட்ட சட்டகம் இருக்கும்போது, "பெண்ணால் முடியுமா?" என்ற பேச்சுக்கு இடமில்லை, மூன்றாம் மட்டத்துச் செயல்களைச் செய்கிறாரா என்பதே கேள்வி. வாரத்தில் ஒரு நாள் நிறுவையையோ நிரை பிரிப்பதையோ அனுபவமுள்ள ஒரு பெண்ணிடம் முழுமையாக ஒப்படைத்து, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், இடையில் குறுக்கிடாதீர்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் சட்டகத்தின் அந்தப் பக்கத்தை உங்கள் கீழ் வேலை செய்பவர்களுக்கு வாசித்துக் காட்டி, எந்த வரி நடந்தது, எந்த வரி நடக்கவில்லை என்று கேளுங்கள். அவர்கள் "இதை எழுதவே இல்லையே" என்று சுட்டும் செயல் ஒன்றாவது இருக்கும். அதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே அன்றே சேர்த்துக்கொண்டு, அடுத்த மூன்று மாதத்துக்கான தேர்ச்சியை அந்த வரியிலிருந்து தெரிந்தெடுங்கள்.